பட்டாணியின் மதியத் தூக்கம்

"தோள்ல போடக் கூடாது. தட்டிக் கொடுக்கக் கூடாது. பாட்டு, மூச்! முழிச்சிட்டு இருக்கும்போதே தொட்டில்ல விட்டுட்டு நீங்க தள்ளி உக்காரணும். அவளாத்தான் தூங்கணும்" என்றாள் மனைவி.

"அவளாத் தூங்குவான்னா நான் எதுக்கு?" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"எதுக்கா? கண்ணைத் திறந்தா ஆள் தெரியணும். எப்படியும் ஒரு மணி நேரம் இழுக்கும். நடுவுல யாராவது கதவைத் திறந்தா மறுபடியும் முதல்லேருந்துதான்."

மறுநாள் திங்கட்கிழமை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். இதற்கு மேல் விடுப்பு கேட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைப்பது அடுத்த மாதம். அதுவரை அவன் விடுப்பு எடுத்திருந்தான். மகள் பட்டாணி மதியம் தூங்காவிட்டால் மாலைக்குள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவனால் முடியவில்லை என்றால் மனைவி வேலையை விட வேண்டியதுதான்.

முன்பெல்லாம் பட்டாணி தோளில்தான் தூங்குவாள். இறக்கினால் அலறுவாள். மனைவிக்குக் கை மரத்துப்போன பிறகுதான் இந்தக் கதவடைத்த பயிற்சி ஆரம்பமானது. தினமும் மதியம் குழந்தையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

மூடிய கதவில் காதை வைத்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது அவன் தொழில். விடுமுறை நாட்களில் இந்தக் கதவிலும் வைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு சத்தமும் வராது. என்ன பொறுமை இவளுக்கு என்று நினைத்துக்கொள்வான். வெளியே வரும்போது அவள் கன்னத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இருக்கும்.

"என்னது இது?"

"தொட்டில் சட்டத்துல சாஞ்சிட்டே இருந்தேன்ல."

அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவனுடைய அப்பாவும் வாயைத் திறக்க மாட்டார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர். பின் படிக்கட்டில் தொங்குபவனுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் வீட்டிலும் பேசுவார். "அம்மாடி, என் கண்ணாடி எங்க? அம்மாடி, கொஞ்சம் வெந்நீர்!" பொழுது விடிந்தால் அம்மாடிதான். மகனும் சளைத்தவனில்லை. "என் நீலச் சட்டை எங்க?" என்று அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்பான்.

"சத்தம் கேட்டு அவ முழிச்சா, தோள்ல போட்டுட்டு நீங்கதான் நடக்கணும் மாமா" என்று மருமகள் ஒருமுறை சொல்லியிருந்தாள். அதிலிருந்து மதியம் தொலைக்காட்சிகூட ஊமைப் படம்தான்.

"இன்னிக்கு ஒரு தடவை நான் ஒத்திகை பாத்துடறேனே" என்றான் மெக்கானிக்.

"வேணாம். நான் வீட்டுல இருந்தா உங்கள மதிக்க மாட்டா. நாளைக்கே பாத்துக்கோங்க. கதவைத் தாழ் போடுங்க, தொட்டிலுக்கு அந்தப் பக்கமா, ஜன்னலோரம் உக்காருங்க. மத்ததெல்லாம் உங்களுக்கே புரியும்."

மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். காலை முழுக்க மெக்கானிக்குக்கு உட்கார நேரமில்லை. "டேய், கண்ணாடி எங்கடா?" "டேய், வெந்நீர் வச்சியா?" "டேய், குழந்தை எதையோ வாயில போடுது பாரு!" குழந்தையின் வாயிலிருந்து வந்தது கண்ணாடி உறையின் பொத்தான்.

மதியம் சாப்பிட்டதும் அப்பா மகனை இரக்கத்தோடு பார்த்தார்.

"போடா. தைரியமாப் போ. அழுதா பதறாத."

மெக்கானிக் தாழ்ப்பாள் போட்டான். பட்டாணியைத் தொட்டிலில் விட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இதோ, இப்போது ஆரம்பிக்கும் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் போனான். உட்காருவதற்குள் பின்னால் மெல்லிய குறட்டை கேட்டது.

நடிக்கிறாள் என்று நினைத்தான். எட்டிப் பார்த்தான். போர்வை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அசல் தூக்கம். அவள் இதற்கு எப்போதோ பழகியிருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த ஒரு மணி நேரம்?

ஜன்னல் திரை தரையில் படுமிடத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. விலக்கினான். சுருட்டிய பாய், ஒரு தலையணை, பாதியில் மடித்து வைத்த துப்பறியும் நாவல், ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்தான். விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தாள். எல்லாம் அவனுக்குப் பிடித்த முந்திரி பிஸ்கட்.

கதவுக்கு வெளியே அப்பாவின் குரல், அவரால் முடிந்த அளவுக்கு ரகசியமாகக் கேட்டது.

"டேய், தூங்கிட்டாளா? ரிமோட்டைக் காணோம்."

மெக்கானிக் தூங்கும் மகளைப் பார்த்தான். பாயைப் பார்த்தான்.

"ஷ்ஷ்! இப்பத்தான் கண்ணு சொருகுது. எப்படியும் ஒரு மணி நேரம் இழுக்கும்ப்பா."

மாலையில் மனைவி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார்.

"பாவம்மா இவன். மதியம் பூரா போராடிட்டான்."

அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கன்னத்தில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

"தொட்டில் சட்டத்துல சாஞ்சிட்டே இருந்தீங்களா?" என்றாள்.