வீடு வரைக்கும் கேட்கணும்

"இதைவிடச் சத்தமா ஒரு மிசின் இல்லையா அண்ணாச்சி?"

சண்முகவேல் ஓடிக்கொண்டிருந்த செயின் சாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சாத்தூரில் விவசாயக் கருவி விற்கும் அவரிடம் எடை கேட்பார்கள், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கேட்பார்கள். மரம் அறுக்கும் மிசினுக்குச் சத்தம் போதாது என்று சொன்ன முதல் ஆள் இந்த வள்ளித்தாய்தான்.

பக்கத்தில் அவள் புருஷன் ஆண்டிச்சாமி, ஒரு பேட்டரி மிசினைப் பச்சைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு நின்றான்.

"அவ கெடக்கா அண்ணாச்சி. எனக்கு இது போதும். கயிறு இழுக்க வேண்டாம், கையும் வலிக்காது, காதும் வலிக்காது."

"எம்புட்டு அறுக்கணும்?"

"ரெண்டு ஏக்கர் கரிசல். நாங்க ரெண்டு பேரும் பட்டாசு வேலைக்குப் போனதுல பூராவும் சீமைக்கருவேல் மண்டிப்போச்சு. அழிச்சிட்டு மக்காச்சோளம் போடலாம்னு."

"ஒல்லி மரத்துக்குப் பேட்டரி போதும். தூர் பெருத்ததுன்னா பெட்ரோல்தான். இப்ப ஓட்டினேன்ல, அந்த நடுத்தர மிசின் தாராளம். இதுக்கு மேல பெருசு பனையைச் சாய்க்கிறதுக்கு. உங்களுக்கு எதுக்கும்மா?"

அவர் பேசி முடிக்கும்வரை வள்ளித்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்துக்கு இல்ல அண்ணாச்சி, இவுகளுக்கு. வேலைன்னு அருவாளைத் தூக்கிட்டுப் போவாக. போய்ப் பாத்தா வேப்பமரத்து நிழல்ல துண்டை விரிச்சுப் படுத்திருப்பாக. மிசின் சத்தம் வீடு வரைக்கும் கேக்கணும். நின்னுச்சுன்னா நான் கம்போட கெளம்பிருவேன்."

சண்முகவேல் சிரித்துவிட்டார். உள்ளே போய்ப் பெரிய மிசினைத் தூக்கிவந்து வாசலில் வைத்து, கயிற்றைச் சுண்டி இழுத்தார். அது உறுமிய உறுமலில் எதிர்க் கடை டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வள்ளித்தாயின் முகம் மலர்ந்தது.

"இதான். இதைப் போடுங்க."

"ஏ புள்ள, இதைத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும்" என்றான் ஆண்டிச்சாமி.

"தூக்கினா தூக்கம் வராது."

சண்முகவேல் மிசினை அணைத்தார். இப்படியொரு பேரம் அவருக்குப் புதிது. "ஏம்மா, அவரு அறுக்காரா தூங்குறாரான்னு ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுபோச்சு. அதுக்குப் போயி இம்புட்டு எடையை அவரு தலையில கட்டணுமா?"

"போனா?" ஆண்டிச்சாமிக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. "நான் எத்தனை தடவை போட்டாலும் எடுக்க மாட்டா அண்ணாச்சி. எடுத்தாலும் ரெண்டு தடவை ஆங், ஆங்னுட்டு வச்சிருவா."

"போன்ல என்ன பொய்யும் சொல்லலாம்" என்றாள் அவள். "மிசினு சொல்லாதுல்ல."

ஆண்டிச்சாமி விடுவதாக இல்லை. வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, வலது கணுக்காலில் இருந்த தழும்பைக் காட்டினான்.

"இதைப் பாருங்க. போன மாசம் கொப்பு முறிஞ்சு கால்ல விழுந்துருச்சு. அசைய முடியல. கூப்பிடு தூரத்துல இவ சுள்ளி பொறுக்கிட்டு இருக்கா. ஏ வள்ளி, ஏ வள்ளின்னு தொண்டை கிழியக் கத்துறேன். திரும்பிப் பாக்கணுமே. ரோட்டுல போன பலவேசம் ஓடிவந்துதான் தூக்கிவிட்டான்."

"ஏம்மா, இப்படியா பண்ணுவீக?"

வள்ளித்தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "மொத நாளு என்னோட சண்டை போட்டாகல்ல. கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"பாத்தீகளா? அம்புட்டு அழுத்தம். போன சீசன்ல இவ வேலை பாத்த ஆலையில பக்கத்து ரூம் வெடிச்சுத் தரைமட்டமாப் போச்சு. இவ மேல ஒரு கீறல் இல்ல, நடந்தே வீடு வந்து சேந்தா. இவளை யாரு என்ன செய்ய முடியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் அன்றைக்குக் கால் நசுங்கிக் கிடந்ததை அவன் எப்போதோ மறந்துவிட்டான்; அவள் திரும்பிப் பார்க்காமல் போனதை மட்டும் மறக்க முடியவில்லை.

"சரி, சண்டை வேண்டாம்" என்றார் சண்முகவேல். "பேட்டரியிலயும் சத்தம் வரத்தான் செய்யும். அதையும் ஒருதரம் ஓட்டுறேன். அம்மா கேட்டுட்டுச் சொல்லட்டும்."

வள்ளித்தாய் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டு, பெரிய மிசினுக்கு முன்னால் குனிந்து அதன் பற்களைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். ஆண்டிச்சாமி பேட்டரி மிசினைச் சண்முகவேலிடம் கொடுத்து, "அவ காது பக்கத்துலயே ஓட்டுங்க" என்று கண்ணடித்தான்.

சண்முகவேல் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று விசையை அழுத்தினார். கல்யாண வீட்டு மிக்சியைப் போலக் கீச்சென்று இரைந்துகொண்டு சங்கிலி சுழன்றது. கீழே கிடந்த கருவேலங்கட்டையில் அதை வைத்தார். தூள் பறந்தது. கட்டை இரண்டாக விழுந்தது. சங்கிலியை அவர் நிறுத்தவில்லை.

வள்ளித்தாய் குனிந்தவாக்கிலேயே கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, சார்ஜ் ஏத்தலையா? எம்புட்டு நேரமா நிக்கோம், ஓட்டிக் காட்டுங்க."