இன்னொரு இட்லி

வீட்டில் இருப்பதிலேயே பெரிய தட்டாகப் பார்த்து எடுத்து வந்து மகள் கௌசிகாவின் முன்னால் வைத்தார் அப்பா.

அதில் இரண்டு இட்லி. சுற்றிலும் அத்தனை வெற்றிடம்.

அந்த வெற்றிடம்தான் அவருடைய பிழைப்பு. கோயம்புத்தூரில் புதிதாக ஹோட்டல் திறப்பவர்கள் அவரைக் கேட்டுத்தான் தட்டு வாங்குவார்கள். பெரிய தட்டில் இரண்டு இட்லி அநாதையாகத் தெரியும். சாப்பிடுகிறவர் தானாகவே இன்னொன்று கேட்பார். விளக்கு என்ன நிறம், பாட்டு எவ்வளவு வேகம், நெய் ரோஸ்ட் வாசனை எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாம் அவர் சொல்வதுதான். அவர் கைபட்ட கடைகளில் வயிறு நிறைந்தவர்களும் கை கழுவ எழுந்திருப்பதில்லை.

கௌசிகாவுக்குப் பதினேழு வயது. பல மாதங்களாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இப்போது கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறுகிறது. இனியும் எடை இறங்கினால் அட்மிட் செய்தாக வேண்டும் என்று அன்று காலை டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து கௌசிகாவின் அம்மா ரேணுகா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மேசைக்கு மேல் அப்பா புதிதாக மஞ்சள் விளக்கு மாட்டியிருந்தார். சாம்பாரைச் சூடாக்கி, நெய் விட்டு, மகள் பக்கமாக மூடியைத் திறந்தார்.

கௌசிகா எழுந்தாள்.

சின்ன சாஸர் ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு இட்லியை அதற்கு மாற்றி, விண்டு விண்டு பரப்பினாள். சாஸரில் இடமே இல்லை.

"பெரிய தட்டுன்னா கண்ணு ஏமாந்துரும்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க."

சொன்னதுதான். அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு ஹோட்டல் திறப்பு விழாவுக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு மேசையாகக் காட்டிப் பெருமையாக விளக்கினார். பக்கத்து மேசைக்காரர் மூன்றாவது தோசைக்குக் கை தூக்கியபோது அப்பாவும் மகளுமாகச் சிரித்தார்கள்.

அவர் எதிரே உட்கார்ந்தார். பெரிய தட்டில் மிச்சமிருந்த இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். கூட உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டால் மற்றவரும் சாப்பிடுவார். அதுவும் அவர் ஹோட்டல்காரர்களுக்குச் சொல்வதுதான்.

கௌசிகா அவர் வாயையே பார்த்தாள்.

"உங்களுக்குப் பசிக்குதுங்களா? இல்ல, எனக்காகச் சாப்பிடறீங்களா?"

பசிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார்.

வயிற்றைக் கேட்டுப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியல சாமி," என்றார்.

அவள் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு சாஸரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் வைத்தாள்.

மென்றாள்.

மென்றுகொண்டே இருந்தாள்.

அவள் வாயைப் பார்க்காமலிருக்க அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.