பாட்டுக்காரரின் ஒரு வார்த்தை

“ஜன்னல் பக்கம் போகாதீங்க சார்,” என்றார் அதிகாரி. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

பாட்டுக்காரர் திரும்பி வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அதிகாரி உட்காரவில்லை.

கனத்த திரையைத் தாண்டியும் தெருவில் பாடுவது தெளிவாகக் கேட்டது. ஆயிரக்கணக்கான தொண்டைகள், ஒரே பாட்டு.

‘பூட்டுனவன் கையில சாவி – எங்க
தொண்டைய எப்படிப் பூட்டுவ பாவி?’

மெட்டும் வரியும் அவருடையவைதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கட்டிய பாட்டு. அதைப் பாடியதற்காக அவரை உள்ளே தள்ளி, முன்பல் இரண்டைப் பெயர்த்தார்கள். அவர் வெளியே வந்தபோது பஸ்ஸிலும் முடிவெட்டும் கடையிலும் அந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பாட்டு மட்டும் இல்லேன்னா இவ்வளவு கூட்டம் சேர்ந்திருக்காது,” என்றார் அதிகாரி. “ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். எல்லாம் அடங்கிடும்.”

“நான் என்னத்தைச் சொல்ல?”

“காலையிலேருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

தெருவில் பாட்டின் அடுத்த அடி எழுந்தது. தம்மையறியாமல் அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. அதிகாரி பார்த்துவிட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“முன் வரிசையில உங்க மகளும் நிக்கிறாங்க.”

கைக்குழந்தையாக இருந்தபோது அவளை அவர் தோளில் போட்டுத் தூங்க வைத்ததே இந்த மெட்டில்தான்.

“அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

“நீங்க சரின்னு சொல்லிட்டா, முதல்ல அவங்களைப் பத்திரமா வெளிய கொண்டுவந்துடுவோம். மத்தவங்களைப் பத்தி நீங்க யோசிக்க வேணாம்.”

கீழே இரும்புக் கேட் கிறீச்சிட்டது. யாரோ நெட்டித் தள்ளுகிறார்கள்.

சொல்லிவிட்டால் இனி மகள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இந்த அறையைவிட்டு வெளியேற முடியாது.

“என்னை விட்டுடுங்க,” என்றார் கடைசியில். “வேற யாரையாவது கேளுங்க.”

அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்:

“வேற யாரைக் கேக்குறது சார்? சுடச் சொல்ல வேண்டிய அதிபர் நீங்கதானே.”