இடது கதவு

அக்கா புருஷனின் காரில் மிட்பாஸ், அதாவது நெஞ்சில் இடிக்கும் அந்த அடி, செத்துக் கிடந்தது. டிரம் அடி, அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. மூன்று கார் ஆடியோ கடைக்காரர்கள் கைவிட்டு, என் கடைக்கு வந்த வண்டி.

"உன்னாலயும் முடியலன்னா கடையை மூடிட்டு எனக்கு டிரைவரா வந்துடு, மாப்ள" என்றார் மச்சான், அக்கா முன்னாலேயே.

அந்த நக்கலைக் கேட்டுக்கொண்டே இரண்டு கதவிலும் ஸ்பீக்கரைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஓட்டைகளைத் தார் ஷீட் ஒட்டி அடைத்தேன். மாட்டி மூடிவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது.

அக்கா இடது கதவில் கை வைத்தாள். "இந்தப் பக்கம்தான்டா தூக்குது!"

"யாரு கை வச்சது?" என்றேன். மச்சான் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

நிமிர்ந்து நடந்து, ஸ்க்ரூடிரைவரை வைக்க உள்ளே போனேன். மேசைமேல் இடது கதவு ஸ்பீக்கர், கழற்றி வைத்தபடியே கிடந்தது.

"மச்சான், பாட்டை நிறுத்துங்க!"

நிறுத்தினார். இடது கதவு மட்டும் தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா, நிறுத்தினாலும் நிக்கல" என்றாள் அக்கா. "என் தம்பி வேலைன்னா சும்மாவா!"