அன்றைக்குப் பெய்த மழை

"போன ஏப்ரல் ஒன்பதாம் தேதி ராத்திரி நம்ம ஊர்ல மழை பெஞ்சுதா சார்?"

வானிலை அலுவலக ஜன்னலில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள்.

"எதுக்கும்மா?"

"மழையில மாட்டிக்கிட்டேன், அதான் வீட்டுக்கு வரலைன்னார் எங்க வீட்டுக்காரர்."

குமாஸ்தா அலுப்புடன் பதிவேட்டைப் புரட்டினார். அன்று ஒரு சொட்டு மழையில்லை. உண்மையைச் சொல்லி எத்தனையோ வீட்டில் சண்டை மூட்டியாயிற்று. இந்த வீடாவது நிம்மதியாக இருக்கட்டும்.

"விடிய விடியக் கொட்டியிருக்கும்மா."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மொட்டை மாடியில போட்ட துணியைக் காலையில காஞ்சதாத்தான் எடுத்தேன். சொன்னா, உனக்குப் புத்தி பிசகிடுச்சுங்கறார். நீங்க சொன்னா நம்பிடலாம்னு வந்தேன். சரி சார், அவர் சொல்ற மனநல ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்துடறேன்."