நல்லா இருக்கேன் டாக்டர்

“ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு. கழுத்து எலும்பு ஒட்டவே இல்லைன்னு இப்ப சொல்றீங்க. நடுவுல ஒருத்தராவது என்ன ஏதுன்னு கேட்டீங்களா?” எழிலன் மேசையைத் தட்டினான். பக்கத்தில் சக்கர நாற்காலியில், கழுத்துப் பட்டையோடு அவன் மனைவி நிறைமதி.

“தினமும் போன்ல கேட்டோமே சார்” என்ற டாக்டர், பதிவை ஓடவிட்டார்.

“வலி இருக்காம்மா?”

“இல்லை, நல்லா இருக்கேன் டாக்டர்.”

“கை மரத்துப் போகுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க.”

நிறைமதியின் குரலேதான். பேச்சை முடிக்கும்போது வரும் அந்தச் சின்னச் சிரிப்புகூட இருந்தது.

எழிலனின் கை மேசையிலிருந்து இறங்கியது. லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளுக்குத் தன் போனிலுள்ள ஏஐ செயலியே பதில் சொல்லிக்கொள்வதுபோல, ஆஸ்பத்திரி அழைப்புக்கும் மனைவியின் குரலிலேயே ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிடும்படி ஏற்பாடு செய்தவன் அவன்தான். தினமும் ஆபீஸ் நேரத்தில் அந்த அழைப்பு வந்து தொல்லை கொடுத்தது.

“நான் எப்பங்க இப்படிச் சொன்னேன்? ராத்திரியெல்லாம் வலியில அழுதது உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் நிறைமதி. “இவங்க பொய் சொல்றாங்க. விடாதீங்க, கேளுங்க.”

எழிலன் மெல்ல நகர்ந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கே நின்றால் அவளால் திரும்பிப் பார்க்க முடியாது.