டிடெக்டருக்குப் புது விளக்கு

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை. மொரப்பூர் அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் வாசலில், துறைமுகத்துக்குப் போகவேண்டிய கண்டெய்னர் நின்றிருந்தது. பூச்சிமருந்துச் சோதனை முடியாமல் அது நகராது. சோதனைக் கருவியில், ஒளி பாய்ச்சி மருந்தைக் கண்டறியும் டிடெக்டரில் அன்று காலைதான் புது விளக்கு மாட்டியிருந்தார்கள். ஒளி போதவில்லை என்று திரை எச்சரித்தது.

“கப்பல் போயிரும் பரிதி! விளக்குக் கண்ணாடியில வெறுங்கை வெச்சியா?” என்று கத்தினார் ஆய்வக அதிகாரி மணிமேகலை.

“அய்யோ, இல்லீங்க மேடம்” என்றான் உதவியாளன் இளம்பரிதி. “கரன்ட்ட நிறுத்தி, சூடு ஆறவிட்டு, கையுறை போட்டுத்தான் மாட்டுனனுங்க. கண்ணாடியத் தொடவே இல்லீங்க.”

“அப்ப கம்பெனிக்காரன் ஓட்டை விளக்கத் தலையில கட்டிட்டான். கழட்டு, நாலு வார்த்தை கேக்கறேன்!”

அணைத்து, ஆறவிட்டு, கழற்றினான். விளக்கின் கண்ணாடியில் சந்தனம் காய்ந்திருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

“எந்த மடையன் வெச்ச பொட்டு இது?”

“நேத்து ஆயுதபூஜையில... பெட்டியத் தொறந்து நீங்கதானுங்க வெச்சீங்க.”

“பாத்துட்டு அப்படியேவா மாட்டுவ? தொடைக்கறதுக்கென்ன?”

“கண்ணாடியத் தொடக்கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானுங்களே!”

மணிமேகலை கையுறை மாட்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் பொட்டைத் துடைத்தார். மறுபடி மாட்டியதும் விளக்கு முழு ஒளி தந்தது. கூழ் சோதனையில் தேறியது. மாலையில் கண்டெய்னர் கிளம்பியது.